"ஆதாரம்: கூகுள்" என்று எழுதலாமா? மாணவர் ஆய்வும் தேடுபொறியின் நம்பகமும்

மாணவர்களின் கட்டுரை கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது கடைசிப் பக்கத்தைத்தான். எங்கிருந்து எடுத்தார்கள் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். பல கட்டுரைகளில் அது ஒரே வரியில் முடிந்துவிடும்: "ஆதாரம்: கூகுள்." எழுதியவர் சோம்பேறி என்று இதற்குப் பொருளில்லை. பத்துப் பக்கம் உழைத்திருப்பார். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள், கூகுளில் கிடைத்தது, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். ஆனால் அது, "இந்தக் கடிதத்தை எழுதியது யார்?" என்று கேட்டால் "தபால்காரர்" என்று பதில் சொல்வதைப் போன்றது. கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். எழுதியவர் வேறு யாரோ. உள்ளே இருப்பது மெய்யா பொய்யா என்று தபால்காரருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது அவர் வேலையும் இல்லை.

தேடுபொறியை ஆய்வுக்கு நம்பலாமா என்று கேட்கும் மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: தேடி எடுத்துத் தருவதற்கு நம்பலாம், சாட்சி சொல்வதற்கு அழைக்கக் கூடாது. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பது புரிய, அந்தப் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டிக்குப் பின்னால்

சொற்களைத் தட்டிவிட்டு என்டர் அழுத்தியவுடன் தேடுபொறி இணையம் முழுக்க ஓடித் தேடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த ஓட்டம் நீங்கள் கேட்பதற்கு முன்பே நடந்து முடிந்த ஒன்று. "சிலந்தி" என்று அழைக்கப்படும் நிரல்கள் இரவு பகலாக ஒரு பக்கத்திலிருந்து அதிலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்த பக்கத்துக்கும் போய், கண்டதையெல்லாம் படியெடுத்து வருகின்றன. அந்தப் படிகளிலிருந்து ஒரு மாபெரும் சொல்லடைவு தயாராகிறது. பாடநூலின் பின்பக்கத்தில் "ஒளிச்சேர்க்கை – 42, 57, 103" என்று இருக்குமே, அதே ஏற்பாடுதான். எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்ற பட்டியல் அது. நீங்கள் கேட்கும்போது அந்தச் சொல்லடைவைத்தான் அது புரட்டுகிறது.

இதிலிருந்தே முதல் எச்சரிக்கை பிறக்கிறது. சிலந்தி போகாத இடம் சொல்லடைவில் வராது. ஒரு தளத்தின் உரிமையாளர் "இங்கே வராதே" என்று ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கலாம். 1994 முதலே அப்படியொரு வழக்கம் இருக்கிறது. கடவுச்சொல் கேட்கும் தளங்கள், சந்தா கட்டினால் மட்டுமே திறக்கும் ஆய்விதழ்கள், படிவத்தை நிரப்பினால்தான் விடை தரும் தரவுத்தளங்கள், எண்ணிமமாக்கப்படாத பழைய நூல்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி பொதுத் தேடலில் தென்படாது. மாணவர் ஆய்வுக்கு மிகவும் தேவையானவை பெரும்பாலும் இவைதான் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். "கூகுளில் இல்லை" என்றால் "எங்குமே இல்லை" என்று எடுத்துக்கொண்டு நல்ல தலைப்புகளைக் கைவிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வரிசைப்படுத்துதல். ஒரு சொல்லுக்குப் பல லட்சம் பக்கங்கள் சிக்கினால் எதை மேலே வைப்பது? 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் இதற்கு அழகான ஒரு வழியைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் கொடுக்கும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு வாக்கு. ஏற்கெனவே நிறைய வாக்கு வாங்கிய பக்கத்திலிருந்து வரும் வாக்குக்கு மதிப்பு கூடுதல். கல்வியுலகில் ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து அதன் செல்வாக்கை அளக்கும் பழைய வழக்கத்திலிருந்து பிறந்த யோசனை அது. கூகுள் எழுந்தது அந்த அடித்தளத்தின் மேல். இன்று நூற்றுக்கணக்கான வேறு குறிப்புகளும் கணக்கில் சேர்கின்றன: பக்கம் எவ்வளவு புதியது, கைபேசியில் ஒழுங்காகத் திறக்கிறதா, தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த மொழியில் கேட்கிறார் என்றெல்லாம்.

இந்தக் கணக்கில் எங்கேயும் "இது உண்மையா?" என்று நேரடியாகக் கேட்கும் ஒரு படி இல்லை. நம்பகத்தின் அடையாளமாகத் தோன்றும் சில குறிகளை அது எடைபோடுகிறது, அவ்வளவுதான். இணைப்பு கொடுப்பவர் அந்தப் பக்கத்தைப் பாராட்டினாரா, திட்டினாரா என்பதைக்கூட அந்த முதல் முறையால் பிரித்தறிய முடியவில்லை. 2003-இல் பலர் பேசிவைத்துக்கொண்டு, "படுதோல்வி" என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரை அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்புக்கு இணைப்பாகக் கொடுத்தார்கள். அந்தத் தொடரைத் தேடினால் முதலில் வந்தது வெள்ளை மாளிகையின் பக்கம். அந்தப் பக்கத்தில் அந்தத் தொடரே கிடையாது. இதைச் சரிசெய்ய 2007 வரை ஆயிற்று.

அது ஒரு விளையாட்டு. இன்னொன்று விளையாட்டு இல்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரையே முகவரியாகக் கொண்ட ஒரு தளம் ஆண்டுக்கணக்கில் தேடல் முடிவுகளின் மேல்வரிசையில் இருந்தது. பள்ளி மாணவர்களுக்கென்று தயாரித்ததுபோல வினாடி வினாவும் அச்செடுக்கத் தாள்களும் அதில் இருந்தன. அதை நடத்தியது ஸ்டார்ம்ஃபிரன்ட் என்ற வெள்ளையின வெறி அமைப்பு. கிங்கை இழிவுபடுத்துவதே அதன் நோக்கம். தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் அந்த அமைப்பின் பெயர் இருந்தது. மேலே வந்தது, முகவரியும் பொருத்தமாக இருந்தது, மாணவர்களுக்கானது என்றும் சொன்னது. ஒரு சிறுவன் நம்ப இதற்குமேல் என்ன வேண்டும்? கொடுமை என்னவென்றால், "இதோ பாருங்கள், இப்படித்தான் ஏமாற்றுவார்கள்" என்று எச்சரிக்க நூலகங்களும் ஆசிரியர்களும் கொடுத்த இணைப்புகளும் அந்தத் தளத்துக்கு வாக்குகளாகவே சேரக்கூடியவை.

மேலே இருப்பதால் நல்லது என்ற நினைப்பு

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. மாணவர்களின் கண் திரையில் எங்கே போகிறது என்பதைக் கருவி கொண்டு கண்காணித்தார்கள். சிலருக்கு மட்டும், அவர்களுக்குத் தெரியாமல், கூகுள் தந்த முடிவுகளைத் தலைகீழாக வரிசை மாற்றிக் காட்டினார்கள். கடைசியில் இருக்க வேண்டியது முதலில் வந்தது. அப்போதும் மாணவர்கள் மேலே இருந்ததைத்தான் அதிகம் சொடுக்கினார்கள். கீழே இருந்தது தங்கள் கேள்விக்கு அதிகம் பொருந்தியபோதும் கூடத்தான். தகுதியை எடைபோடும் வேலையை வரிசையிடமே விட்டுவிட்டார்கள்.

மேலே வருவதற்குப் பணமும் ஒரு வழி. முதல் சில முடிவுகள் விளம்பரங்களாக இருக்கலாம். "ஸ்பான்சர்டு" என்ற சிறு குறி மட்டுமே வித்தியாசம் காட்டும். விளம்பரம் இல்லாமலும், தேடுபொறிக்குப் பிடித்த மாதிரி பக்கத்தை வடிவமைத்து மேலே கொண்டுவருவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. பொருள் விற்பவருக்கு அதற்குச் செலவழிக்கக் காரணம் இருக்கிறது. இருபது ஆண்டு உழைத்துப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பேராசிரியருக்கு அப்படிச் செலவழிக்க எந்தக் காரணமும் இல்லை. அதனால்தான் அவர் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறார். பேஜும் பிரினும் அந்த 1998 கட்டுரையின் பின்னிணைப்பிலேயே, விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் இந்த வரியை ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

"அப்படியானால் கூகுளை விட்டு வேறொன்றில் தேடிச் சரிபார்க்கிறேன்" என்று ஒருவர் சொல்லலாம். கொஞ்சம் உதவும், முழுதாக உதவாது. டக்டக்கோ என்ற தேடுபொறி தன் முடிவுகளில் பெரும்பங்கை மைக்ரோசாஃப்டின் பிங்கிலிருந்துதான் பெறுகிறது. இரண்டு கடைகள், ஒரே கிடங்கு. இரண்டு தேடுபொறிகளும் ஒரே பக்கத்தை முதலில் காட்டினால் அதை இரண்டு சாட்சிகள் என்று எண்ணிக்கொள்ள முடியாது.

பெட்டிக்குள் வரும் தயார் விடை

இப்போதெல்லாம் பக்கங்களுக்கு முன்னால் ஒரு கட்டத்துக்குள் விடையே வந்துவிடுகிறது. முன்பு ஏதோ ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வரியை வெட்டிக் காட்டினார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு பல பக்கங்களைக் கலந்து புதிதாக ஒரு பத்தி எழுதித் தருகிறது. 2024 மே மாதம் கூகுள் இந்த வசதியைப் பரவலாக்கியபோது, ஒரு நாளைக்கு எத்தனை கல் சாப்பிடலாம் என்ற கேள்விக்கு, குறைந்தது ஒரு சிறு கல்லாவது சாப்பிடுவது நல்லதென்று புவியியலாளர்கள் பரிந்துரைப்பதாக அது பதில் தந்தது. அந்தத் தகவலின் ஊற்றுக்கண் தி ஆனியன் என்ற நையாண்டி இதழ். மனிதர் ஒருவர் அந்த இதழின் பெயரைப் பார்த்ததுமே புரிந்துகொண்டிருப்பார். இதழின் பெயரும், அதன் தொனியும், அது எதற்காக எழுதப்பட்டது என்பதும் உதிர்ந்துபோய் வாக்கியம் மட்டும் மிஞ்சியதால்தான் நையாண்டி மருத்துவ ஆலோசனையாக மாறியது.

கல்லைத் தின்னச் சொன்னால் யாரும் தின்னப்போவதில்லை. எனக்குக் கவலை தருபவை பார்த்தவுடன் சந்தேகம் எழாத தவறுகள்: ஓர் ஆண்டு மாறிப்போவது, ஒரு ஆய்வின் "சாத்தியம் உண்டு" என்ற தயக்கம் "நிரூபிக்கப்பட்டது" என்று இறுகிப்போவது. விடைக் கட்டத்தின் பக்கத்தில் மூலப் பக்கங்களுக்கான இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, அந்த வாக்கியம் அங்கே உண்மையிலேயே இருக்கிறதா, அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

ஒரு கேள்வியைக் கடைசிவரை பின்தொடர்வோம்

கைபேசிக் கதிர்வீச்சு பற்றி ஒரு மாணவி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "கைபேசி புற்றுநோய் ஆபத்துகள்" என்று தேடுகிறார். இந்தத் தேடலிலேயே விடை பாதி எழுதப்பட்டுவிட்டது. "ஆபத்துகள்" என்று கேட்டவருக்கு ஆபத்துகளைப் பற்றிய பக்கங்கள்தான் கிடைக்கும். "கைபேசி புற்றுநோய் கட்டுக்கதை" என்று கேட்டவருக்கு அதை மறுக்கும் பக்கங்கள். இரண்டு பேருமே தேடுபொறி தங்களை ஆமோதித்தது என்று நிம்மதியாக எழுந்துபோவார்கள். "கைபேசி கதிர்வீச்சு மூளைப் புற்றுநோய் ஆய்வு" என்று முடிவைச் சொல்லாத சொற்களால் கேட்பது முதல் திருத்தம்.

அவர் கண்ணில் ஒரு வரி படுகிறது: "கைபேசி புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனமே அறிவித்துள்ளது." கனமான பெயர். ஆனால் எப்போது, எந்த ஆவணத்தில் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. நல்ல ஆய்வாளர் இங்கேதான் நிற்க வேண்டும். வரியை எழுதியவர் யாரிடமிருந்து எடுத்தார் என்று பின்னோக்கிப் போனால், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் வெளியிட்ட அறிவிப்பு கிடைக்கும். ரேடியோ அலை மின்காந்தப் புலங்களை அது "2பி" என்ற பிரிவில் வைத்தது. ஆக, வரி பொய்யில்லை.

அதோடு விட்டால் பாதி உண்மைதான் கையில் இருக்கும். "2பி" என்றால் என்ன? அந்த முகமையின் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்பவை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அவை சொல்வதில்லை. 2பி என்பது, சான்று குறைவு, ஆனாலும் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியவில்லை என்ற நிலை. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. புகையிலையும் வெயிலும் பிரிவு 1. இதை அறிந்த மாணவி "உண்டாக்கக்கூடும்" என்ற சொல்லை வேறுவிதமாகப் படிப்பார்.

அடுத்து, தேதி. 2011-க்குப் பிறகு என்ன நடந்தது? உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் நடந்த ஒரு பெரிய மறுஆய்வு 2024-இல் வெளியானது. 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் அப்படியே. 2011-ஐ மட்டும் எழுதினால் கட்டுரை ஒரு திசையில் போகும், 2024-ஐயும் சேர்த்தால் வேறு திசையில் போகும். இந்த ஆவணங்கள் எல்லாமே தேடுபொறி வழியாகவே எட்டக்கூடியவை. எது எதற்குப் பின் வந்தது, எது எதன் எடையைக் குறைக்கிறது என்று அடுக்கிப் பார்ப்பதுதான் மாணவியின் வேலை. இந்த வேலைக்குத்தான் ஆய்வு என்று பெயர்.

பலர் சொல்வதால் உண்மையாகிவிடாது

"பத்துத் தளங்களில் பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே மாதிரி சொல்கின்றன" என்பது மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் தற்காப்பு. அந்தப் பத்தும் தனித்தனியாகக் கண்டறிந்து எழுதினவா, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினவா என்பதுதான் கேள்வி.

கோவாட்டி என்று தென் அமெரிக்காவில் ஒரு விலங்கு உண்டு. ரக்கூன் குடும்பத்தைச் சேர்ந்தது. 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர் பயணம் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, விளையாட்டாக ஆங்கில விக்கிப்பீடியாவில் "பிரேசிலிய ஆர்ட்வார்க் என்றும் அழைக்கப்படும்" என்று சேர்த்துவிட்டார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு. இரண்டுக்கும் உறவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. பிரிட்டனின் பெரிய நாளிதழ்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தின. ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலிலும் அது ஏறியது. பிறகு விக்கிப்பீடியாவில் அந்த வரிக்கு ஆதாரமாக ஒரு நாளிதழ்ச் செய்தியே சேர்க்கப்பட்டது! விக்கிப்பீடியாவைப் பார்த்து நாளிதழ் எழுத, நாளிதழைக் காட்டி விக்கிப்பீடியா நியாயப்படுத்திக்கொள்ள, வட்டம் மூடிக்கொண்டது. 2014-இல் உண்மை வெளிவரும்வரை ஆறு ஆண்டு, தேடிப் பார்த்த எவருக்கும் "பல நம்பகமான ஆதாரங்கள்" கிடைத்துக்கொண்டிருந்தன.

இதைச் சொன்னால் விக்கிப்பீடியாவையே தொடாதீர்கள் என்பதாகப் புரிந்துகொள்கிறார்கள். என் கருத்து அதுவல்ல. புதிய தலைப்பில் நுழைய அதைவிட நல்ல வாசல் குறைவு. துறையின் சொற்கள், முக்கியமானவர்களின் பெயர்கள், காலவரிசை எல்லாம் பத்து நிமிடத்தில் பிடிபடும். பிறகு பக்கத்தின் அடிக்குப் போய், அங்குள்ள மேற்கோள்களைத் திறந்து, அவற்றைப் படித்து, அவற்றையே ஆதாரமாகக் காட்டுங்கள்.

பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள்

ஒரு தளத்தை எப்படி எடைபோடுவது? நீண்ட காலமாக மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது: எழுத்துப் பிழை இருக்கிறதா பார், ஆசிரியர் பெயர் இருக்கிறதா பார், "எங்களைப் பற்றி" பக்கத்தைப் படி. இதெல்லாம் ஏமாற்றுபவரால் எளிதாகப் போலி செய்யக்கூடியவை.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு என் கற்பிக்கும் முறையையே மாற்றியது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். அவர்களுக்குக் கொடுத்த பணிகளில் ஒன்று, குழந்தை மருத்துவம் தொடர்பான இரண்டு அமெரிக்க அமைப்புகளின் பக்கங்களைப் பார்த்து எது நம்பகமானது என்று சொல்வது. ஒன்று பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்ட பழைய தொழில்முறைச் சங்கம். மற்றொன்று கொள்கை வேறுபாட்டால் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல. இரண்டாவது தளமும் பளிச்சென்று, ஒழுங்காக இருந்தது. மாணவர்கள் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் உருட்டிப் படித்தார்கள், பலர் தவறிவிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்களிலும் சிலர் தடுமாறினார்கள். உண்மை சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உடனே புதிய டேப்களைத் திறந்து, "இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று தேடினார்கள். சில நிமிடங்களில் விடை கிடைத்துவிட்டது.

ஒருவரை நம்பலாமா என்று அவரிடமே கேட்பதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். அதேதான் இங்கும். இந்த "பக்கவாட்டு வாசிப்பு" முழுக்க முழுக்கத் தேடுபொறியை வைத்துச் செய்வது என்பதையும் கவனியுங்கள். அதே கருவிதான், இந்த முறை அதனிடம் விடை கேட்கவில்லை, விடை சொல்பவரைப் பற்றி விசாரிக்கிறோம்.

எங்கே தேடுவது

பொதுத் தேடலில் நுழைந்து தலைப்பின் சொற்களைத் தெரிந்துகொண்டபின், ஆய்வுகளுக்கென்றே உள்ள இடங்களுக்கு நகருங்கள். கூகுள் ஸ்காலர் 2004 முதல் இருக்கிறது. ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அது காட்டுவது பெரிய வரம். பழைய கட்டுரை ஒன்றைப் பிடித்து, அதை மேற்கோள் காட்டிய புதியவற்றைப் பார்த்தாலே அந்த விவாதம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். மருத்துவத்துக்கு பப்மெட். இயற்பியல், கணிதம், கணினியியலுக்கு 1991-இல் தொடங்கிய ஆர்க்சைவ். ஆனால் அங்கிருப்பவற்றில் பல இன்னும் சக அறிஞர்களின் மதிப்பாய்வுக்குப் போகாத முன்வரைவுகள் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் கல்லூரி நூலகம் சந்தா கட்டியுள்ள தரவுத்தளங்கள் என்னென்ன என்று நூலகரிடம் கேளுங்கள். வெளியே பூட்டிக் கிடக்கும் கட்டுரைகள் பல அங்கே இலவசமாகத் திறக்கும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஆய்விதழில் வந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். பணம் கொடுத்தால் எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் ஏராளம். 2013-இல் சயின்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகளோடு ஒரு கட்டுரையைத் தயாரித்து, எழுதுபவரிடம் கட்டணம் வாங்கி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் திறந்த அணுக்க இதழ்கள் 304-க்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. உயர்ந்த இதழ்களும் சறுக்கியிருக்கின்றன. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆன்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் வந்தது புகழ்பெற்ற தி லான்செட் இதழில்தான். வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் இணையத்தில் அந்தக் கட்டுரையும் அதன் எதிரொலிகளும் இன்னும் கிடைக்கின்றன. ஒரு கட்டுரையைப் பயன்படுத்துமுன் அதன் தலைப்போடு "திரும்பப் பெறப்பட்டது" என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் (retracted) சேர்த்து ஒருமுறை தேடிவிடுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

தேடும் சொற்களில் சில சின்ன நுட்பங்கள் இருக்கின்றன. தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அதே தொடர் அப்படியே வரும் பக்கங்கள் மட்டும் கிடைக்கும். ஒருவர் சொன்னதாக உலவும் மேற்கோளின் மூலத்தைப் பிடிக்க இது நல்ல வழி. வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி. "சைட்" என்ற ஆங்கிலச் சொல்லோடு முக்காற்புள்ளி இட்டு ஒரு தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். மொழியை மாற்றிப் பார்ப்பதையும் தவறவிடாதீர்கள். ஒரே கேள்வியைத் தமிழில் கேட்டால் ஓர் உலகம், ஆங்கிலத்தில் கேட்டால் வேறோர் உலகம் திறக்கும். அறிவியல் தலைப்புகளில் ஆங்கிலக் கலைச்சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் தேடுவது வீட்டுக்குள் ஒரு அறையை மட்டும் பார்த்துவிட்டு வருவது போலாகும். தமிழ் இலக்கியம், கல்வெட்டு போன்றவற்றில் நிலைமை தலைகீழ். ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் பெரும்பகுதி நழுவிவிடும்.

குறித்து வையுங்கள்

உங்களுக்கு இன்று வந்த முடிவுகள் நாளை அதே வரிசையில் வரும் என்பதில்லை. உங்கள் ஆசிரியருக்கு வரும் என்பதுமில்லை. அதனால் "கூகுளில் தேடினால் கிடைக்கும்" என்பது ஆதாரமாகாது. எந்தச் சொற்களால், எந்த நாளில், எங்கே தேடினீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போங்கள். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் எழுதியவர், தலைப்பு, வெளியிட்டவர், வெளியான தேதி, முழு முகவரி, நீங்கள் பார்த்த நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். ஆய்வுக் கட்டுரையாக இருந்தால், அதற்கென்றே தரப்படும் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணையும். எழுதியவர் பெயரும் தேதியும் கண்டுபிடிக்கவே முடியாத பக்கம் என்றால், அதிலுள்ள தகவல் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நான் விட்டுவிடுவேன்.

இணைப்புகள் செத்துப்போகும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழ பாதி, குறிப்பிட்ட தகவலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று தெரிந்தது. தீர்ப்புக்கே அந்தக் கதி. இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பின் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் பக்கத்தின் முகவரியை அதில் ஒட்டி, சேமிக்கச் சொல்லுங்கள். அன்றைய தேதியோடு ஒரு படி அங்கே பதிவாகும். அதன் முகவரியையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், மூலப் பக்கம் மறைந்துபோன பிறகும் உங்கள் கட்டுரையைத் திருத்த உட்காருபவரால் நீங்கள் படித்ததையே திறந்து படிக்க முடியும்.